ஒரு தட்டுக்கு இரண்டு கிளிக்: மவுஸா, கையா?

ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு தடவை தட்டுகிறேன், அது திறந்துகொள்கிறது. கைதான் தடுமாறுகிறதோ என்று ஒரு வாரம் சந்தேகப்பட்டுவிட்டு, கடைசியில் பைத்தானில் இருபது வரி எழுதி அளந்து பார்த்தேன்.

பைத்தானில் விண்டோ, பட்டன் எல்லாம் உருவாக்க உதவும் டிகிண்டர் நூலகம் போதும். காலி விண்டோ ஒன்றைத் திறந்து அதில் இரண்டு ஈவென்ட்களை பைண்ட் செய்யுங்கள், அதாவது அவை நடக்கும்போது உங்கள் ஃபங்ஷன் ஓடும்படி இணையுங்கள்: அழுத்தும்போது வருவது பட்டன்-1, விரலை எடுக்கும்போது வருவது பட்டன்ரிலீஸ்-1. பலரும் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். இங்கே நமக்கு வேண்டியதே எடுத்ததற்கும் மறுபடி அழுத்தியதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான்.

நேரம் பார்க்க டைம்.டைம் வேண்டாம். கணினி தன் கடிகாரத்தை இணையத்தோடு சரிசெய்துகொள்ளும்போது அது பின்னால்கூடப் போகும், அப்புறம் விடை மைனஸில் வந்து நிற்கும். டைம்.பர்ஃப்_கவுண்டர் முன்னால் மட்டுமே ஓடும். ஆயிரத்தால் பெருக்கினால் மில்லி விநாடி. ஃபங்ஷனின் முதல் வரியிலேயே அதை எடுத்து வைத்துவிடுங்கள், பிரிண்ட் எல்லாம் அதற்குப் பிறகு. ஃபங்ஷனுக்குள் கனமான வேலை ஏதாவது வைத்தால் அடுத்த கிளிக் வரிசையில் காத்திருக்கும், நீங்கள் அளப்பது அந்தக் காத்திருப்பையும் சேர்த்துத்தான். இன்னொன்று, சாதாரண யூஎஸ்பி மவுஸ் விநாடிக்கு 125 தடவைதான் பேசும், அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை. அதற்குக் கீழே துல்லியம் தேடிப் பயனில்லை.

எனக்கு வந்தது இது: அழுத்தி எடுக்க 92, எடுத்து மறுபடி அழுத்த 16. பதினாறு மில்லி விநாடியில் எந்த விரலும் திரும்பி வராது. உள்ளே இருக்கும் சுவிட்ச் தேய்ந்து துள்ளுகிறது, அதாவது ஒரே தட்டில் இரண்டு முறை தொடுகிறது. விண்டோஸ் வழக்கமாக 500 மில்லி விநாடிக்குள் வரும் இரண்டு அழுத்தலை டபுள் கிளிக்காக எடுத்துக்கொள்வதால் ஃபோல்டர் திறக்காமல் என்ன செய்யும்?

உங்கள் புரோகிராமுக்குள் இதைச் சமாளிப்பது சுலபம். விரலை எடுத்து 40 மில்லி விநாடி ஆகுமுன் வரும் அழுத்தலை ரிட்டர்ன் போட்டுத் தள்ளிவிடுங்கள். நூறுக்கு மேல் வைத்தீர்களோ, வேகமாகத் தட்டுபவரின் உண்மையான டபுள் கிளிக்கும் அடிபடும்.

மற்ற புரோகிராம்களுக்கு இது உதவாது. பட்டன்-3 என்று மாற்றி வலது பக்கத்தையும் சோதித்தேன், அது சுத்தமாக இருந்தது. அதனால் புது மவுஸ் வாங்கும்வரை செட்டிங்ஸில் வலதை முதன்மையாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.