நர்ஸிங் முடிச்சாச்சா? ஒரிஜினல் சர்டிபிகேட்ட யார்ட்டயும் குடுக்காதீங்க பிள்ளைகளே

ஜிஎன்எம்ங்குற நர்ஸிங் டிப்ளமாவோ பிஎஸ்சி நர்ஸிங்கோ முடிச்சிட்டு அடுத்து என்ன செய்யணும்னு தெரியாம நிக்குற நம்ம மார்த்தாண்டம், தக்கலை பக்கத்து பிள்ளைகளுக்காகத்தான் இத எழுதுறேன். பாஸ் ஆனதும் நர்ஸ் ஆயாச்சுன்னு நினைக்காதீங்க. மயிலாப்பூர்ல இருக்க தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிஞ்சு ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்), ஆர்எம் (பதிவு பெற்ற மிட்வைஃப்) நம்பர் வந்த பிறகுதான் சட்டப்படி நீங்க நர்ஸ். அதோட இந்தியன் நர்ஸிங் கவுன்சிலுக்க தேசிய ரெஜிஸ்டர்ல சேர்ந்து என்யுஐடிங்குற நாடு முழுக்க செல்லுற தனி அடையாள நம்பரும் வாங்கிருங்க.

அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னால ஒரு நாள் ஒதுக்கி உங்க பேர மட்டும் பாருங்க. விளையாட்டுக்கு சொல்லல, நம்ம ஊர்ல நிறைய பேர் மாட்டுறது இதுலதான். எனக்க பேர் 'பாய்'னு முடியும், பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்ல அது சேர்ந்து ஒரே வார்த்தையா இருக்கு, ஆதார்ல தனி வார்த்தையா இருக்கு, பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிஞ்சு அப்பா பேர் முழுசா வந்து நிக்குது, மூணும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க நான் அலைஞ்சது ஆறு மாசம். பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அத அடிப்படையா வச்சு மத்தத திருத்துங்க. ஒரு எழுத்து வித்தியாசம்தானேன்னு விட்டீங்கன்னா பின்னால வெளிநாட்டு வெரிஃபிகேஷன்ல வந்து பிடிக்கும்.

இனி ஒரிஜினல் விஷயம். நான் முதல்ல சேர்ந்த ஆஸ்பத்திரில சேர்ந்த அன்னைக்கே எல்லா ஒரிஜினலையும் வாங்கி பீரோல வச்சு பூட்டிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு கேட்டா இன்னும் ஒரு வருஷம் வேல பாரு, அப்பம் தாறோம்ங்காங்க. அழுதுட்டு வந்தேன். அப்புறம் ஒரு அக்கா சொல்லித்தான் முதல்ல அக்னாலட்ஜ்மெண்ட் கார்டோட ரிஜிஸ்டர் தபால்ல லெட்டர் போட்டேன், பதில் வரல, அதோட காப்பிய எடுத்துட்டு நாகர்கோவில்ல இருக்க மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போனேன். 1987ஆம் வருஷத்து சட்டப்படி பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் அங்க வக்கீல் உதவி இலவசம், இது நம்மள்ல நிறைய பேருக்கு தெரியாது. 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். அங்கேருந்து நோட்டீஸ் போன பிறகு கூப்பிட்டு குடுத்தாங்க. ஆர்எம் சர்டிபிகேட்டுக்க மூலையில பின் துருப்பிடிச்ச கறை வட்டமா இருந்துச்சு, இப்பமும் இருக்கு. அதனால வேலைக்கு சேரும்போது ஒரிஜினல காட்டுங்க, ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினல கையோட வீட்டுக்கு கொண்டு வந்துருங்க.

கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் ரெனிவல் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க. அதுக்கு 150 மணி நேரம் சிஎன்இ, அதாவது நர்ஸுங்களுக்கான தொடர்கல்வி கிளாஸ் வேணும், கணக்கு பாத்தா வருஷத்துக்கு 30 மணி நேரம். கிளாஸுக்கு போற அன்னைக்கே கவுன்சில் அங்கீகாரம் இருக்கா, சர்டிபிகேட்ல கிரெடிட் மணி நேரம் எழுதியிருக்கான்னு பாத்து வாங்கி ஒரே ஃபைல்ல போடுங்க. கடைசி மாசத்துல 150 மணி நேரத்துக்கு எங்க போவீங்க?

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துல வேல கிடைச்சா, பஸ்ல ஒரு மணி நேரம்தானேன்னு தமிழ்நாடு நம்பர வச்சே சேர்ந்துராதீங்க, கேரளா கவுன்சில்ல ரெசிப்ரோக்கல் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது இங்க பதிஞ்சத வச்சு அங்கயும் பதியுறது, எடுக்கணும். அதுக்கு நம்ம கவுன்சில்ல இருந்து வெரிஃபிகேஷன் போகணும், அதனால முன்கூட்டியே போட்டு வைங்க.

கல்ஃப் போறவங்க இத ரெண்டு தடவ படிங்க. சவுதி, குவைத், கத்தார், ஓமன், யுஏஇ எல்லாம் சேர்த்து 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்கு போகணும்னா 2015ல இருந்து எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது வெளிநாட்டு வேலைக்கு போக அரசு குடுக்குற அனுமதி, கட்டாயம், பாஸ்போர்ட்ல இந்த அனுமதி தேவையில்லங்குற ஈசிஎன்ஆர் இருந்தாலும் நர்ஸுக்கு விலக்கு கிடையாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற நம்ம தமிழ்நாடு அரசுக்க நிறுவனம் ஓஎம்சிஎல் சென்னைல இருக்கு, முதல்ல அவங்கட்ட வேக்கன்சி இருக்கான்னு பாருங்க. விசிட் விசால போ, அங்க போய் மாத்திக்கலாம்னு ஒரு ஏஜெண்ட் சொன்னா அந்த ஆள்ட்ட அதுக்கு மேல பேசாதீங்க. சந்தேகம்னா 1800 11 3090 இலவச நம்பர், வெளிநாட்டுக்கு போற தொழிலாளிகளுக்காக வெளியுறவு அமைச்சகம் நடத்துறது.

வேலைக்கு சேர்ந்த பிறகு தெரிஞ்சிருக்க வேண்டியதும் இருக்கு. ஊசி குத்திச்சுன்னா பிதுக்காதீங்க, வாயில வைக்காதீங்க, சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவுங்க, உடனே இன்சார்ஜ்ட்ட சொல்லி எழுத்துல பதிய வைங்க. ஹெச்ஐவி தடுப்பு மருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டக்கூடாது, 28 நாள் விடாம சாப்பிடணும். உங்க ஆஸ்பத்திரில இல்லன்னா டியூட்டி முடியட்டும்னு காத்திருக்காம ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு போங்க. ஹெபடைடிஸ் பி ஊசி மூணு டோஸும் வேலைக்கு சேர முன்னாலயே போட்டிருக்கணும்.

நோயாளிக்க ஆளுங்க கை நீட்டுனா பொறுத்துட்டு போகாதீங்க. தமிழ்நாட்டுல 2008ல வந்த 48ஆம் நம்பர் சட்டம் டாக்டருக்கு மட்டும் இல்ல, நர்ஸுக்கும் ஸ்டூடண்டுக்கும் உண்டு, பிரைவேட் ஆஸ்பத்திரிக்கும் உண்டு, ஜாமீன்ல விட முடியாத குற்றம், மூணுல இருந்து பத்து வருஷம் வர தண்டனை. புகார்ல அந்த சட்டத்துக்க நம்பரையும் வருஷத்தையும் எழுதச் சொல்லுங்க. கூட வேல பாக்குறவங்களால பாலியல் தொல்லைன்னா பத்து பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்குற இடத்துல உள்புகார் குழு இருந்தே ஆகணும், மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுங்க.

அப்புறம் 14416, டெலி மானஸ், மனசு கஷ்டத்துக்கு பேசுறதுக்கான அரசு ஹெல்ப்லைன். இருபத்தி நாலு மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. எங்க வார்டுல புதுசா சேர்ந்த பிள்ளை ஒண்ணு, அவ பாத்துட்டிருந்த பாட்டி நைட்ல இறந்துட்டாங்க, விடியக்கால மூணு மணிக்கு ஸ்டோர் ரூம்ல கிளவுஸ் கூட கழட்டாம உக்காந்திருந்தா. நான்தான் நம்பர் போட்டு போன அவ கையில குடுத்தேன். அரை மணி நேரம் பேசிட்டு வந்து, அக்கா, நாலு மணி ஊசி நானே போடுறேன்னு சொன்னா.