தண்ணீருக்கடியில் எந்த வேக ஃபிலிம்? பலரும் சறுக்கும் இடங்கள்

"கடலுக்குள்ள இருட்டா இருக்கும், 400 போட்டுக்கோ." ஃபிலிம் கேமராவோடு முதல் டைவுக்குக் கிளம்புகிறவருக்குக் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இதுதான் (400 என்பது ஃபிலிமின் வேகம், அதாவது ஐஎஸ்ஓ எண்; எண் ஏற ஏறக் குறைந்த வெளிச்சமே போதும்). பாதி சரியாக இருப்பதால்தான் பலரும் இதில் ஏமாறுகிறோம். வெளிச்சம் தரப்போவது ஃபிளாஷா, சூரியனா? அதைக் கேட்காமல் ஃபிலிம் வாங்குவதே முதல் தவறு.

தண்ணீருக்கடியில் எடுப்பதற்கென்றே வந்த ஃபிலிம் கேமராவான நிக்கோனாஸ் 5-இல் 35 மி.மீ. லென்ஸோடு, கிட்டத்தில் எடுக்க உதவும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்டி, விரல் நீளக் கடல் நத்தை ஒன்றை எடுக்கிறீர்கள். ஃபிளாஷ் ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அந்த லென்ஸின் துவாரத்தை எஃப்/22-க்கு மேல் சுருக்கி வெளிச்சத்தைக் குறைக்க முடியாது. 400 போட்டிருந்தால் நத்தை வெளுத்துப்போக வாய்ப்பு அதிகம். நத்தையின் நுண்ணிய புள்ளிகளோடு வேக ஃபிலிமில் தூக்கலாகத் தெரியும் குருணையும் (கிரெய்ன்) போட்டி போடும். இங்கே 50 அல்லது 100 தாராளம்.

மூழ்கிய கப்பல் என்றால் கதை வேறு. ஓரிரு மீட்டர் தாண்டினாலே ஃபிளாஷ் சோர்ந்துவிடும், மிச்சமெல்லாம் சூரியன் பொறுப்பு. 50-இல் ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்கக் கேட்கும் காட்சிக்கு 400-இல் 1/125 போதும். நீரோட்டத்தில் ஆடிக்கொண்டே 1/15-இல் கை நடுங்காமல் எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

வேக ஃபிலிம் போட்டால் பவளத்தின் சிவப்பு வந்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. சிவப்பைத் தண்ணீர் முதல் சில மீட்டர்களிலேயே குடித்துவிடுகிறது. இல்லாத நிறத்தை 400 எங்கிருந்து பிடிக்கும்? நீலத்தைத்தான் இன்னும் கொஞ்சம் வெளிச்சமாகக் காட்டும். சிவப்பு வேண்டுமென்றால் ஃபிளாஷோடு கிட்டே போக வேண்டும்.

என் சொந்தத் தவறு இன்னும் அசட்டுத்தனமானது. ஃபிலிம் டப்பியில் வேகத்தைச் சொல்லும் டிஎக்ஸ் குறியை நிக்கோனாஸ் 5 படிக்காது. டயலை நாம்தான் திருப்ப வேண்டும். முந்தைய ரோலுக்கு வைத்த 400-ஐ மாற்றாமல் வெல்வியா 50 என்ற ஸ்லைடு ஃபிலிமை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் இறங்கினேன். மூன்று ஸ்டாப் குறைவு, அதாவது தேவையான வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஸ்லைடு ஃபிலிம் அரை ஸ்டாப் பிசகினாலே முகம் சுளிக்கும். லைட் பாக்ஸில் பரப்பினால் 36 படமும் கரி. ஒன்றில் மட்டும் ஏதோ மீனின் கண் மினுங்கியது. முன்பே தெரிந்திருந்தால் லேபில் புஷ் செய்யச் (கூடுதல் நேரம் டெவலப் செய்து ஈடுகட்டச்) சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஸ்லைடில் ஒரு ஸ்டாப் புஷ் பரவாயில்லை. மூன்று என்றால் நிழலெல்லாம் அடைத்துக்கொள்ளும், நிறமும் கெடும்.

தண்ணீருக்கடியில் மூடியைத் திறந்து ரோல் மாற்ற வழியில்லை. அதனால் இப்போதெல்லாம் ஃபிலிமை மாட்டிய கையோடு, டப்பாவின் அட்டையைக் கிழித்துக் கேமராவின் முதுகில் ஒட்டிவிடுகிறேன். படகில் ஏறுமுன் அதையும் டயலையும் ஒருமுறை சேர்த்துப் பார்ப்பேன்.