புரதம் பிரிக்கும் ஏரோஜெல்: பஞ்சைக் குறை சொல்வதற்கு முன்

நானோ இழை ஏரோஜெல் கையில் எடுத்தால் கனமே தெரியாத பஞ்சு. இழைகளைத் தண்ணீரில் கலக்கி, உறைய வைத்து, அந்தப் பனியை அப்படியே ஆவியாக்கினால் கிடைப்பது. துளைகள் பெரியவை என்பதால் கரைசல் தடையில்லாமல் ஓடும். புரதம் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் ரெசின் மணிக்குள் புரதம் மெல்ல ஊறும் வரை காத்திருக்க வேண்டாம். இதைச் செய்து பார்த்துவிட்டு, "மெட்டீரியல் சரியில்லை" என்று பாதியில் விட்ட மாணவர்களைச் சென்னையில் நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் பஞ்சின் மேல் தப்பே இருக்காது.

முட்டை வெள்ளைக்கருவிலிருந்து லைசோசைம் என்ற புரதத்தைப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி (புரதத்தின் நிகர மின்சுமை பூஜ்யமாகும் பிஹெச்) 11-ஐ ஒட்டி இருப்பதால் பிஹெச் 7-ல் அது நேர்மின்சுமையோடு இருக்கும். வெள்ளைக்கருவின் இன்னொரு புரதமான ஓவல்புமினுக்கு அந்தப் புள்ளி 4.5, அதே பிஹெச்சில் அது எதிர்மின்சுமை. இழையில் எதிர்மின்சுமை தாங்கும் கார்பாக்சில் தொகுதி இருந்தால் லைசோசைம் ஒட்டும், ஓவல்புமின் ஓடிவிடும். இங்கேதான் பலர் ஃப்ரிட்ஜில் தயாராக இருக்கும் பிபிஎஸ் பஃபரையே (உப்பு கலந்த பாஸ்பேட் கரைசல்) எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். அதில் 137 மில்லிமோலார் உப்பு இருக்கிறது. உப்பின் சோடியமே இழையில் இடம் பிடித்துக்கொண்டால் புரதம் எங்கே போய் ஒட்டும்? உப்பு சேர்க்காத 10 மில்லிமோலார் பாஸ்பேட்டில் தொடங்குங்கள். உப்பு கடைசியில், ஒட்டிய புரதத்தைக் கழற்றத்தான்.

சிலர் புரதத்துக்கு இன்னும் மின்சுமை ஏறட்டும் என்று பிஹெச்சை 3-க்கு இறக்குகிறார்கள். ஏறும்தான். ஆனால் கார்பாக்சில் தன் சுமையை இழந்துவிடும்.

அப்புறம் உலர்த்தல். அவசரத்துக்கு ஓவனில் வைக்கவே வைக்காதீர்கள். நீர் வற்றும்போது அதன் பரப்பு இழுவிசை துளைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஃப்ரீஸ் ட்ரையரிலும் கவனம் வேண்டும். உறைந்த துண்டை வெளியே வைத்து வேறு வேலை பார்த்தால், நம் ஊர் வெக்கையில் ஓரம் உருகிவிடும். உலர்ந்து வரும்போது அந்த ஓரம் மட்டும் அப்பளம் போலச் சுருங்கி, கண்ணாடியாகப் பளபளக்கும். அந்த இடத்தில் ஓட்டமே இருக்காது.

கணக்கிலும் ஒரு சறுக்கல் உண்டு. ஒரு கிராம் பஞ்சு 500 மில்லிகிராம் புரதம் பிடித்தது என்றால் பெரிதாகத் தெரியும். பஞ்சின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றால், ஒரு கிராம் 100 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும். அப்படியானால் மில்லிலிட்டருக்குக் கிடைத்தது 5 மில்லிகிராம்தான். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்து எடுத்த எண்ணோடு நிறுத்தாமல், பஞ்சைக் குழாயில் (column) அடைத்து, கரைசலை ஓடவிட்டும் அளந்து பாருங்கள். பஞ்சுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் கரைசல் அந்த வழியாகவே இறங்கிவிடும். குழாயைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, அழுத்தி உட்கார வையுங்கள்.