லயத்து வீட்டிலேயே போய்விடும் நேரம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில் இருக்கிற நமக்கு ஒரு பழைய குறை உண்டு: ஆஸ்பத்திரி தூரம். டவுன் ஆஸ்பத்திரியில் முடியாததை ஈப்போவுக்கு அனுப்புவார்கள். தூரம் உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை, ரோட்டில் போகும் நேரத்தைவிட வீட்டிலேயே போகும் நேரம்தான் அதிகம்.

என் பெரியப்பா ஒரு தீபாவளி மறுநாள் நெஞ்சை அடைக்கிறது என்றார். ஆட்டுக்கறி வாயு என்று பெரியம்மா தைலம் தேய்த்தார், நாங்கள் சோடா கொடுத்தோம். சட்டை வேர்வையில் நனைந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. மாரடைப்பு. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், மூச்சு வாங்கலும் அசதியுமாகக்கூட இது வரலாம். மாரடைப்பு வந்தவரைக் காரில் உட்கார வைத்து நாமே ஓட்டிப்போவது அடுத்த தவறு. வழியில் இதயம் நின்றால் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வதென்று போனிலேயே சொல்வார்கள்.

அழைத்தாலும் 'தோட்டத்து லயம், கோயில் பக்கம்' என்றால் எந்தத் தோட்டம், எந்தக் கோயில்? செம்பனைக்கு நடுவே எல்லாப் பாதையும் ஒரே மாதிரிதான். தோட்டத்தின் பெயர், டிவிஷன், உள்ளே வரும் கேட் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒரு பையனை மோட்டார் சைக்கிளில் மெயின் ரோட்டுச் சந்திக்கு அனுப்பிவிடுங்கள்.

பக்கவாதத்தில் வாய் கோணும், ஒரு கை தொங்கும், பேச்சு குழறும். விரல் நுனியை ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் உண்மை இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால் நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறும்.

அப்புறம் பாம்பு. செம்பனையில் எலி, எலிக்குப் பின்னால் நாகம். கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாமே கெடுதல்தான். இறுக்கிக் கட்டிய கால் அழுகிப்போகலாம். மோதிரத்தையும் கொலுசையும் கழற்றிவிட்டு, கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பாம்பை அடித்து எடுத்துவர வேண்டாம். தள்ளி நின்று போனில் படம் பிடிக்க முடிந்தால் போதும்.

அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். பச்சையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கும் கோபம் வரும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே வந்த வரிசை கணக்கில்லை. யார் உயிருக்கு ஆபத்தோ அவர்தான் முதலில்.

பெரியம்மா இப்போது பெரியப்பாவின் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு, அடையாள அட்டையோடு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.