சிறு உணவகங்களில் உணவுப் பாதுகாப்பு ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் முன்னறிவிப்பின்றி உணவகத்துக்குள் வந்து சமையலறையைப் பார்வையிடவும், ஆவணங்களைக் கேட்கவும், மாதிரி எடுக்கவும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. இருந்தும், அடுத்த தெருவில் ஆய்வு நடக்கிறது என்ற தகவல் கிடைத்த பிறகே தரையைக் கழுவி, தொழிலாளர்களுக்குத் தொப்பி மாட்டிவிடும் வழக்கம் தமிழ்நாட்டின் சிறு உணவகங்கள் பலவற்றில் நீடிக்கிறது. பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடியவை அவை மட்டுமே. சாப்பிட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பும் தவறுகளோ பெரும்பாலும் முந்தைய நாள் இரவிலேயே நடந்து முடிந்திருக்கும்.

ஆவணத் தவறுகளை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தொடங்கும்போது எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றை, வியாபாரம் பெருகி விற்றுமுதல் வரம்பைத் தாண்டிய பிறகும் உரிமமாக மாற்றாமல் விடுவது ஒன்று. கடையை விலைக்கு வாங்கியவர் பழைய உரிமையாளரின் பெயரில் உள்ள உரிமத்திலேயே தொழிலைத் தொடர்வது இன்னொன்று. இடம் மாறியும் சான்றில் பழைய முகவரியே இருப்பதும் அடிக்கடி காணப்படுவதே. இந்தச் சான்றில் அல்லது உரிமத்தில் உள்ள 14 இலக்க எண்ணை ரசீதில் அச்சிடுவது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. ரசீது இயந்திரத்தில் ஒருமுறை பதிந்தால் முடிந்துவிடும் இந்த வேலையைக்கூடப் பலர் செய்வதில்லை. மாநகராட்சியின் தொழில் உரிமம் வேறு, உணவுப் பாதுகாப்பு உரிமம் வேறு என்பதையும், ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மிகப் பெரிய தவறு மீந்த உணவைக் கையாளும் முறையில் இருக்கிறது. கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான். இரவு பதினொரு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, அண்டா நிறைய இருக்கும் சால்னாவை மூடியபடியே மேடையில் விட்டுச் சென்றால், அதன் நடுப்பகுதி விடியும் வரை இந்த இடைவெளியிலேயே நிற்கும். இறைச்சிக் குழம்பில் உள்ள கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ், வடித்த சோற்றில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் ஆகிய கிருமிகளின் வித்துகள் சமையல் சூட்டில் அழியாமல் பிழைத்து, உணவு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகுகின்றன. ‘காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை சமையலறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் பேசில்லஸ் சீரியஸ் சோற்றில் உண்டாக்கும், வாந்தியை ஏற்படுத்தும் நச்சுப்பொருள் மறுபடி சூடாக்குவதால் அழிவதில்லை. முந்தைய நாள் சோற்றில் செய்யப்படும் ஃபிரைடு ரைஸ் இந்த நோயோடு தொடர்ந்து பேசப்படுவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே, மீந்ததை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், அதை உடனே ஆழம் குறைந்த அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றி, பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் வைத்து விரைவாகக் குளிரச் செய்து, தேதி எழுதிய ஒட்டுத்தாளுடன் 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். மறுநாள் ஒரே ஒரு முறை, நடுப்பகுதியும் 75 டிகிரியை எட்டும்வரை சூடாக்கலாம். இவ்வளவும் இயலாதென்றால் கொட்டிவிடுவதே இலாபம். பழைய சால்னாவின் மேல் புதிய சால்னாவையும், காலையில் அரைத்த தேங்காய்ச் சட்டினியின் மிச்சத்தின் மேல் புதிதாக அரைத்ததையும் ஊற்றும் பழக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. அப்படிக் கலந்தால் புதியதும் பழையதாகிவிடுகிறது. உணவுக்குள் குத்தி அதன் சூட்டை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குத்துவெப்பமானி ஒன்று, சுவரில் ஒட்டப்படும் புதிய டைல்ஸைவிட உணவகத்துக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

குளிர்சாதனப் பெட்டியையும் அலுவலர்கள் தவறாமல் திறந்து பார்க்கிறார்கள். மசாலா தடவிய பச்சைக் கோழியை மேல்தட்டிலும், சமைத்த குருமாவையும் நறுக்கிய வெங்காயத்தையும் கீழ்த்தட்டிலும் வைத்தால், சொட்டும் நீர் நேராக உண்ணும் உணவில் விழுகிறது. சமைத்தது மேலே, பச்சை இறைச்சி கீழே என்ற ஒழுங்குக்குச் செலவு எதுவும் இல்லை. இறைச்சிக்கும் காய்கறிக்கும் தனித்தனி வெட்டுப்பலகையும் கத்தியும் வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் ஃப்ரீசரை அணைத்துவிடும் கடைகளும் உண்டு. உருகி மீண்டும் உறைந்த இறைச்சியை அனுபவமுள்ள அலுவலர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்ததோடு, மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கம்பியில் சுழலும் இறைச்சியின் வெளிப்புறம் கருகியிருந்தாலும் உட்புறம் வேகாமல் இருக்கலாம் என்பதால், சீவிய துண்டுகளை மறுபடி சூடான கல்லில் வாட்டிய பிறகே பரிமாற வேண்டும். உடன் கொடுக்கப்படும் மயோனைஸைப் பச்சை முட்டையில் தயாரிப்பதும் விற்பதும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டன. பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமியின் ஆபத்து எந்த ஆணையின் காலக்கெடுவோடும் முடிந்துவிடுவதில்லை என்பதால், முட்டை சேராத வகையையே நிரந்தரமாகப் பயன்படுத்துவது நல்லது.

நிறமி விஷயத்தில் உரிமையாளர்களின் வாதம் எப்போதும் ஒன்றுதான்: ‘சிவப்பாக இல்லையென்றால் வாடிக்கையாளர் வாங்க மாட்டார்.’ பிரியாணிக்கும் சிக்கன் 65க்கும் செயற்கை நிறம் சேர்க்க அனுமதி இல்லை. அனுமதிக்கப்பட்ட நிறமிகளும் குறிப்பிட்ட சில உணவுகளுக்கு மட்டுமே உரியவை என்பதால், பொட்டலத்தில் உரிம எண் இருக்கிறது என்ற பதில் செல்லாது. காஷ்மீர் மிளகாய்த்தூளில் கிடைக்கும் நிறம் போதும் என்று சமையல் மாஸ்டரிடம் உறுதியாகச் சொல்ல வேண்டியது முதலாளியின் பொறுப்பு. பொரித்த எண்ணெயில், அது திரும்பத் திரும்பச் சூடாகிச் சிதைவதால் உருவாகும் ‘மொத்த முனைவுச் சேர்மங்கள்’ 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கையடக்கக் கருவியால் அடுப்படியிலேயே இதை அளந்துவிட முடியும். கறுத்த எண்ணெயில் புதிய எண்ணெயை ஊற்றி நிறத்தைத் தேற்றுவதும், கழிவெண்ணெயைச் சாலையோரக் கடைக்கு மலிவாக விற்பதும் ஒரே அளவு தவறானவை. அச்சிட்ட செய்தித்தாளில் வடையையும் பஜ்ஜியையும் மடித்துக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டதே.

தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். பரிசோதனையே இல்லாமல் சான்றிதழை மட்டும் மொத்தமாக வாங்கி அடுக்குவது, கோப்பை நிரப்பும்; நோயைத் தடுக்காது. வயிற்றுப்போக்கு வந்தவர் அன்றைய கூலி போய்விடுமே என்று அதை மறைத்துக்கொண்டு மாவு பிசைகிறார் என்றால், பிழை அவருடையது மட்டுமன்று. அப்படிப்பட்ட நாளுக்கு ஊதியத்துடன் விடுப்பு தருவதை நான் உணவுப் பாதுகாப்புச் செலவாகவே கருதுகிறேன். கையில் வெட்டுக்காயம் உள்ளவரை உணவைத் தொடாத வேலைக்கு மாற்ற வேண்டும். புண்ணிலிருந்து பரவும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியின் நச்சும் கொதிக்கவைத்தால் போவதில்லை.

ஆய்வின்போது செய்யப்படும் தவறுகள் தனி வகையைச் சேர்ந்தவை. அலுவலரைத் தடுப்பது மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். முதலாளி இல்லாத நேரத்தில் கல்லாவில் இருப்பவருக்கு ஆவணக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது, சின்னக் குறையைப் பெரிதாகக் காட்டும். மாதிரி எடுத்தால் அதற்கான விலையைப் பெறவும், மாதிரியின் ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குத் தம் செலவில் அனுப்பக் கோரவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு; பதற்றத்தில் பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. பகுப்பாய்வு அறிக்கையை ஏற்காதவர், அது கிடைத்த 30 நாட்களுக்குள், மாவட்ட உணவுப் பாதுகாப்புப் பணிக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

குறைகளைச் சரிசெய்யச் சொல்லி வரும் மேம்பாட்டு அறிவிப்பைப் பலரும் அபராத ரசீது என்று எண்ணி அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அதில் தரப்படும் அவகாசம் 14 நாட்களுக்குக் குறையாது. அதற்குள் ஒவ்வொரு குறையையும் சரிசெய்து, புகைப்படங்களுடன் எழுத்துமூலம் பதில் அளித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் வாங்கி வைக்க வேண்டும். குறைகளைச் சரிசெய்யாவிட்டால் உரிமம் இடைநிறுத்தப்படலாம்; அதன் பிறகும் குறை நீடித்தால் ரத்து செய்யப்படலாம்.