பதின்வயதினரின் அத்துமீறலை எடைபோடுவது எப்படி?

பள்ளிக்கு மட்டம் போடுவது, சிறு திருட்டு, அடிதடி என்று பதினைந்து வயதுப் பிள்ளைமீது புகார் வந்தால், என்ன செய்தான் என்பதற்கு முன்பாக, எந்த வயதில் தொடங்கினான் என்று கேளுங்கள். சிறுவயதிலேயே தொடங்கி வளர்ந்த பின்னும் நீடிப்பது ஒரு வகை என்றும், பதின்வயதில் தலைகாட்டிப் பெரும்பாலும் அப்பருவத்தோடு ஓய்ந்துவிடுவது மற்றொரு வகை என்றும் உளவியலாளர் டெர்ரி மாஃபிட் 1993இல் பிரித்துக் காட்டினார். பதினைந்து வயதில் இரு வகையினரும் ஒரே தவற்றைச் செய்யக்கூடும் என்பதால், தவற்றை மட்டும் வைத்து ஆளை இனங்காண முடியாது.

பெற்றோரிடம் பொதுவாக விசாரித்தால், "போன வருஷம் வரைக்கும் தங்கமான பிள்ளை, சேர்க்கைதான் சரியில்லை" என்ற பதிலே அநேகமாக வரும். இரண்டாம் வகுப்பில் ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பியதுண்டா, மற்றப் பிள்ளைகளை அடித்ததுண்டா, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினானா என்று குறிப்பாகக் கேளுங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடும், நடத்தைக் கோளாற்றின் (பிறர் உரிமைகளையும் விதிகளையும் தொடர்ந்து மீறும் மனநலச் சிக்கல்) ஓர் அறிகுறியேனும் 10 வயதுக்கு முன் தென்பட்டதா என்பதைத் தனியே பார்க்கிறது. தென்பட்டிருந்தால், இடைநீக்கத்தால் பயனில்லை. குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுவதே முறை. இல்லையெனில், பிள்ளை திரும்பி வரும் வழியை அடைக்காமல் கண்டியுங்கள். போதைப்பழக்கம், போலீஸ் வழக்கு, பாதியில் நின்ற படிப்பு ஆகியவைதாம் தானாக ஓய வேண்டியதை இழுத்துக்கொண்டு போகும்.

பாலினத்தை இரண்டாவதாகவே வையுங்கள். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், முதல் வகையில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ பத்து ஆண்கள் இருந்தனர். இரண்டாம் வகையிலோ இரண்டு பெண்களுக்கு மூன்று ஆண்கள் என்ற அளவுக்கு இடைவெளி குறுகியது. எனவே, பதினைந்து வயதில் "பொம்பளைப் பிள்ளை இப்படிச் செய்யுமா" என்று திகைப்பதற்கும், ஆறு வயதில் "ஆம்பளைப் பிள்ளை அப்படித்தான்" என்று விட்டுவிடுவதற்கும் இடமில்லை. இவற்றுள் பின்னதே அதிகக் கேடு என்பேன்.

பெண்பிள்ளையாயின், பருவமடைந்த வயதையும் கணக்கில் கொள்ளுங்கள். சீக்கிரம் பூப்பெய்திய டனீடன் சிறுமியர் இருபாலர் பள்ளிகளில் கூடுதலாக அத்துமீறினர். பெண்கள் பள்ளிகளில் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே, மூத்த பையன்களுடன் பழக்கம் உண்டா என்பதை அதட்டாமல் விசாரியுங்கள். ஒருத்தியை ஒதுக்கிவைப்பது, வதந்தி பரப்புவது போன்றவை புகார்ப் பதிவேட்டில் ஏறுவதில்லை. அவற்றை வகுப்புத் தோழிகளிடம்தான் கேட்டறிய முடியும்.