அவசர அழைப்புகளுக்குப் பதில் சொல்பவர்களின் மன அழுத்தத்தை அளக்கப் போகிறீர்களா?

போன கிழமை இறுதியாண்டு மாணவர் இருவர் வினாக்கொத்தோடு வந்தார்கள். இலங்கையில் பொலிஸுக்கான 119, அம்புலன்ஸுக்கான 1990 போன்ற இலக்கங்களுக்கு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்பவர்களின் வேலை அழுத்தத்தை அளக்க வேண்டுமாம். வாசிக்க வாசிக்க, நான் செய்த முதல் ஆய்வு கண்முன் வந்தது. இப்படியான ஆய்வில் விடக்கூடிய நாலு பிழைகளைச் சொல்கிறேன்.

படிவத்தைச் சுப்பர்வைசரிடம் கொடுத்துவிடுவது

கொழும்பில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் நான் இதைத்தான் செய்தேன். பயன்படுத்தியது, உளவியலாளர் கோஹன் குழுவினர் 1983 இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவம். கேள்விக்கு 0 (‘ஒருபோதும் இல்லை’) முதல் 4 வரை, மொத்தப் புள்ளி 0 முதல் 40 வரை. இரண்டே நாளில் எல்லாப் படிவமும் ஒரே ஃபைலில் திரும்பி வந்தன. சராசரி 16ஐ ஒட்டி இருந்தது. ‘மிதமான அழுத்தம்’ என்று அறிக்கை கொடுத்தேன். இரவு ஷிஃப்டுக்குக் கேட்டிருந்த மேலதிக ஆட்கள் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது.

பிறகு ஒரு நாள் கன்டீனில் பிளேன்டீ குடிக்கும்போது ஒரு பிள்ளை சொன்னாள்: “மிஸ், அதை சேரிட மேசையில வச்சுத்தானே நிரப்பினது. நாளைக்கு அவரிட்டத்தானே லீவு கேக்கணும்?”

திரும்ப வந்து படிவங்களை எடுத்துப் பார்த்தேன். பலவற்றில் ‘ஒருபோதும் இல்லை’ என்ற நிரலில் மேலிருந்து கீழாக ஒரே கீறல். அந்தப் பத்தில் 4, 5, 7, 8 ஆம் கேள்விகள் நல்ல உணர்வைக் கேட்பவை; அவற்றின் புள்ளியைத் திருப்பிப் போட வேண்டும், அதாவது 0 என்றால் 4. பத்துக்கும் ‘இல்லை’ என்று கீறினால் அந்த நாலு கேள்விக்கும் தலா 4 புள்ளி சேர்ந்து சரியாக 16 வரும். கேள்வியை வாசிக்காதவரும் ‘மிதமான’ பெட்டிக்குள் போய் விழுவார். இரவு ஷிஃப்டுக்கு அந்த ஆட்கள் கிடைக்காமல் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நீங்களே போங்கள். ஊழியர் இலக்கம் கேட்காதீர்கள். ஒட்டிய உறை, பூட்டிய பெட்டி. புள்ளி கூட்டமுன் ஒவ்வொரு தாளையும் கண்ணால் பாருங்கள்.

‘அழுத்தம்’ என்று மட்டும் கேட்பது

“பிரஷர் இல்லை, போன மாதந்தான் பார்த்தேன்” என்று இரத்த அழுத்தத்தை நினைத்துப் பதில் வரும். தலையிடி, நித்திரையின்மை, வீட்டில் எரிந்து விழுவது என்று கேளுங்கள்.

அழைப்புகளின் எண்ணிக்கையை அழுத்தத்தின் அளவாக எடுப்பது

வேண்டாம். மூச்சு நின்ற குழந்தையின் தாய் பேசிய ஒரு அழைப்பு போதும்.

இருப்பவர்களை மட்டும் கேட்பது

தாங்க முடியாதவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருப்பார்கள். கடைசி இரண்டு வருடத்தில் விலகியவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்களுக்கு லீவு கேட்கவேண்டிய ஆள் யாருமில்லை, மனந்திறந்து கதைப்பார்கள்.